லென்ஸ் யாருகிட்ட வாங்கறதுங்ணா?

2013 தை முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்னால் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். கல்யாண வேலை பார்க்கிறவர். கேனன், நிக்கான், சோனி மூன்றிலும் சேராத ஒரு கேமராவை எடுத்துக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடி நன்றாக இருக்கிறது என்றார். ஷட்டர் சத்தம் பிடித்துப்போனது. விலையும் ஒத்துவந்தது. பில் புத்தகத்தை நான் எடுக்கும் நேரத்தில் கேட்டார்: “எல்லாஞ் செரிங்ணா, இதுக்கு லென்ஸ் யாருகிட்ட வாங்கறதுங்?”

“ஏந் தம்பி, நம்ம கடையிலயே இருக்குதே” என்று அலமாரியைக் காட்டினேன்.

சிரித்துவிட்டார். “வெலைக்கு வாங்கறதைக் கேக்கலீங்ணா. ஞாயித்துக்கெழமை முகூர்த்தத்துக்கு யாருகிட்டயாச்சும் வாங்கீட்டுப் போயி, திங்கக்கெழமை திருப்பிக் குடுக்கோணுமில்லீங். அதைக் கேட்டனுங்.”

என்னிடம் பதில் இல்லை. அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரம் வேறொரு கடையில் நிக்கான் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்குப் புரிவதற்கு மூன்று வருசமும் கொஞ்சம் காசும் ஆனது.

ஈரோட்டில் பிரப் ரோட்டை ஒட்டிய சந்தில் கடை. அப்பா பவானியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவும் ஊட்டியில் செய்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அவருக்குச் சோறு போட்டவை. ஸ்டுடியோ தொழில் தேய்ந்ததும் நான் ஈரோட்டுக்கு வந்து கேமரா விற்க ஆரம்பித்தேன்.

கேனன், நிக்கான், சோனி அல்லாத சின்னப் பிராண்டு பக்கம் நான் போனதற்குக் காரணம் ரசனை எல்லாம் இல்லை. லாபம்தான். பெரிய பிராண்டு கேமராவில் சின்னக் கடைக்காரனுக்கு நிற்பது சொற்பம். கேமராவும் லென்ஸும் சேர்ந்த 45,000 ரூபாய் செட்டை விற்றால் எனக்கு 1,300, 1,400 மிஞ்சும். அதையும் கோயமுத்தூர் ஷோரூம் விலையைப் போனில் காட்டி வாங்க வருகிறவர் பேரம் பேசி எடுத்துக்கொள்வார். பல நாள் நான் கம்பெனியில் வாங்குகிற விலைக்கே இணையத்தில் விற்றுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு சின்னப் பிராண்டின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். பெயர் வேண்டாம். கேமரா மேல் எந்தக் குறையும் இல்லை என்பதால் பெயரைச் சொல்லிக் கெடுப்பது நியாயமும் இல்லை. “ஈரோடு ஜில்லா முழுக்க நீங்க மட்டும்தான் சார். ஒரு செட்டுக்கு 4,000 நிக்கும்” என்றார். வாசலுக்குப் போர்டு, டெமோ கேமரா, வருசத்துக்கு ரெண்டு பயிற்சிப் பட்டறை என்று அடுக்கினார். முதல் சரக்காக ஆறு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ்கள், தனியாகச் சில லென்ஸ் எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று லட்சத்தைத் தொட்டது.

நான் போடாமல் விட்ட கணக்கு இதுதான். மூன்று லட்சத்துக்கு நூற்றுக்கு 18 வட்டி என்றால் வருசத்துக்கு 54,000. முதல் வருசம் நான் விற்றது 11 செட். 4,000 வீதம் 44,000. போர்டு கடைசிவரை வரவில்லை. டெமோ கேமரா வந்தது, மூன்று மாசத்தில் வேறு ஊருக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு விற்பனைக்கு இருந்த பெட்டி ஒன்றை உடைத்து நானே டெமோவாக வைத்தேன். உடைத்த பெட்டியைப் புதுசு என்று விற்க முடியாது. அந்த ஒன்றில் மட்டும் இரண்டு செட்டின் லாபம் போனது. பெரிய பிராண்டில் 1,300 ரூபாய்தான் நிற்கும், ஆனால் சரக்கு பத்து நாளில் கையை விட்டுப் போய்விடும், அதே பணம் மாசத்துக்கு மூன்று சுற்று வரும். மஞ்சள் மண்டிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்தேன் என்பதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, ஏன் விற்கவில்லை? படம் மோசமா? இல்லவே இல்லை. 2010இல் வந்த, சின்னப் பிராண்டான பென்டாக்ஸின் கே-5, பெரிய பிராண்டான நிக்கானின் டி7000 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ளே இருந்தது சோனியின் 16 மெகாபிக்சல் சென்சார்தான், அதாவது படத்தைப் பதிகிற சில்லு. கேனன் தன் சென்சாரைத் தானே செய்துகொள்கிறது. மற்றவர்களில் பலர் சோனியிடம் வாங்குகிறார்கள். ஆக, விளம்பரத்தில் அடித்துக்கொள்ளும் இரண்டு பேர் ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள்.

வித்தியாசம் கேமராவுக்கு வெளியே இருந்தது. லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, கேனனின் இஎஃப் மவுண்ட் 1987இல். இத்தனை வருசத்தில் ஈரோட்டிலிருந்து தாராபுரம்வரை எத்தனை ஸ்டுடியோவில் எத்தனை லென்ஸ் சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். சனிக்கிழமை பொழுதோட ஸ்டுடியோக்காரர்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கும். ‘உன்ற 70-200 லென்ஸு நாளைக்குச் சும்மா இருக்குதா?’, ‘என்ற ஃபிளாஷ் கோபியில மாட்டிக்கிச்சு, ரெண்டு பேட்டரி குடு’ என்று போன் பறக்கும். வாடகை கிடையாது, ரசீது கிடையாது. முறை செய்வது மாதிரிதான், இன்றைக்கு நான் கொடுத்தால் நாளைக்கு நீ. இதில் வேறு மவுண்ட் வைத்திருப்பவன் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், இல்லாத ஊரில் குடியேறியவன் மாதிரி. கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அந்தத் தம்பி கேட்டது இதைத்தான்.

மவுண்ட் ஒரு பக்கம் என்றால், எங்கள் ஊர்க் கல்யாணம் இன்னொரு பக்கம். முதல் நாள் ராத்திரி சீர்கள், இணைச்சீர், விடியற்காலை முகூர்த்தம் என்று மணிக்கணக்காக ஓடும். ஒரு ஆளால் ஆகாது, மூன்று பேர் எடுப்பார்கள். இரண்டு பேர் கேனன், ஒருவர் மட்டும் நான் விற்ற கேமரா. ஆல்பம் டிசைன் செய்பவர் மறுவாரம் எனக்கே போன் போட்டார். “அண்ணா, உங்க ஆள் எடுத்த படத்துல மட்டும் முகூர்த்தப் பட்டு வேற செவப்பா இருக்குதுங். பொண்ணூட்டுக்காரங்க ரெண்டு சேலையான்னு கேக்கறாங்க.” திருத்தலாம்தான். ஆனால் 400 படத்தைத் திருத்த அவருக்கு யார் காசு கொடுப்பது? இதற்கு மேல், கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலப் படமான ரா ஃபைல் அவர் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. ஊரில் டிசைனர்கள் பலரிடமும் இருந்தது பழைய மென்பொருள். புதிதாக வரும் கேமராவின் ரா ஃபைல் அதில் திறக்காது. இது எல்லாப் பிராண்டுக்கும் உள்ள தொல்லைதான், ஆனால் கேனனில் புதுசு வந்தால் பத்துப் பேர் மாட்டுவார்கள், பத்துப் பேரில் ஒருவன் வழி கண்டுபிடித்து மற்ற ஒன்பது பேருக்கும் சொல்லிவிடுவான். என் ஆளுக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். ராத்திரி 11 மணிக்கு எனக்குத்தான் போன் வரும். தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்கும் டிரிக்கரிலும் இதே பாடு. கேனனுக்கு ஒரு மாதிரி, நிக்கானுக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். நம்முடையதற்கு வேண்டுமென்றால் சென்னைக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளித்திருக்கலாம். என்னைப் படுக்கவைத்தது சர்வீஸ்.

ஒரு வைகாசியில், பெருந்துறைக்காரர் ஒருவருக்கு ஷட்டர் போய்விட்டது. வாரண்டி இருந்தது. சென்னைக்கு அனுப்பினேன், அங்கிருந்து வடக்கே போனது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தபோது 47 நாள் ஆகியிருந்தது, ஆடியே பிறந்துவிட்டது. அவருக்கு அந்த வருசத்து வருமானம் அந்த முகூர்த்தங்கள்தான். நான் என் கடை டெமோவைக் கொடுத்துத்தான் அவரை ஓட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. “உங்களைச் சொல்லி என்னங்க இருக்குது” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்போது கோயமுத்தூரில் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியை இழுத்துக் காட்டினார். உள்ளே முழுக்கச் செத்த கேமராக்கள். தண்ணீரில் விழுந்தவை, வண்டி ஏறியவை. “கம்பெனி பார்ட்ஸ் வர்றதுக்குள்ள கண்ணாலம் முடிஞ்சு கொழந்தையே பொறந்துருங்க. நானு இதுல இருந்துதான் எடுத்துப் போடறன். உங்க கம்பெனிதுல செத்தது ஒண்ணாச்சும் இருந்தாக் கொண்டாங்க, பாக்கறன்.” என்னிடம் எங்கே இருக்கும்? மொத்தமே 11 பேருக்குத்தான் விற்றிருக்கிறேன், 11ம் உயிரோடு இருக்கின்றன. ஒரு பிராண்டு ஊரில் நிலைக்க வேண்டுமென்றால் அதில் பல கேமரா செத்துமிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. எந்த விற்பனைப் பிரதிநிதியும் இதைச் சொல்லமாட்டார்.

பழசை விற்பதும் இப்படித்தான். கேனன் வைத்திருப்பவர் மூன்று வருசம் ஓட்டிவிட்டு ஒரு மத்தியானத்தில் விற்றுவிடலாம். வாங்க ஆள் இருப்பதால் விலை நிற்கும். சின்னப் பிராண்டில் வாங்குகிற ஆளைத் தேட வேண்டும். தவணைக் கம்பெனிகளின் வட்டியில்லாத் திட்டத்தில் எங்கள் மாடல் இருக்காது, முழுக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பெரிய பிராண்டுகள் பை, கார்டு, கேஷ்பேக் என்று கொடுக்கும்போது எங்களுக்கு வரும் சலுகைக் கடிதம் கார்த்திகையில் வரும்.

வரிக் கணக்கிலும் ஒரு அடி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதம். 2019 ஜனவரி 1 முதல் 18 ஆக்கினார்கள். வாங்குகிறவருக்கு நல்லது. 28 கட்டி எடுத்துத் தூங்கிக்கொண்டிருந்த சரக்கை நான் 18 போட்டு விற்றேன். வித்தியாசம் வரிக் கணக்கில் வரவாக நிற்கும், வேறு சரக்கு விற்கும்போதுதான் கழியும். கையில் காசாக வராது. வேகமாக ஓடுகிற சரக்கு வைத்திருந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

‘சின்னப் பிராண்டு’ என்று சொல்கிறேனே, கம்பெனி சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். சாம்சங் எவ்வளவு பெரிய கம்பெனி! 2010இல் என்எக்ஸ் கேமராக்களோடு வந்தது, 2014இல் என்எக்ஸ்1 என்று அருமையான ஒன்றைக் கொடுத்தது, அப்புறம் சத்தமில்லாமல் கடையைக் கட்டியது. கொனிகாவும் மினோல்டாவும் 2003இல் ஒன்றாகி, 2006இல் கேமராவை விட்டே விலகின. அந்தச் சொத்தை வாங்கித்தான் சோனி ஆல்ஃபாவை ஆரம்பித்தது. யாஷிகாவை வைத்திருந்த கியோசெரா 2005இல் கேமரா செய்வதை நிறுத்தியது. பென்டாக்ஸ் ஹோயா கைக்குப் போய், 2011இல் ரிகோ கைக்கு வந்தது. 2020 ஜூனில் ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலை விற்கப்போகிறது என்று செய்தி வந்தபோது என் கடை போன் ஓயவில்லை. “கம்பெனியையே வித்துப்போட்டாங்களாமா? என்ற லென்ஸு என்னாகறது?” 2021 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, லென்ஸும் வருகிறது. ஆனால் கவுன்ட்டரில் நின்று அதை ஒவ்வொருவருக்கும் விளக்குகிறவன் கடைக்காரன். பெரிய பிராண்டில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

எல்லாருக்கும் சேர்த்து அடித்தது போன்தான். உலகம் முழுக்க 2010இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமரா கம்பெனிகளை விட்டு வெளியே போனது. 2020இல் அது 90 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. குளம் வற்றும்போது ஓரத்து மீன்தானே முதலில் துடிக்கும்.

இவ்வளவுக்கும் நான் சின்னப் பிராண்டை விடவில்லை. விற்கிற ஆளை மாற்றினேன்.

கல்யாண வேலைக்காரர்களுக்கு அதைக் காட்டுவதையே நிறுத்தினேன். வந்து கேட்டால்கூட, “தம்பி, உங்க கூட்டத்துல என்ன வெச்சிருக்காங்களோ அதையே வாங்குங்க” என்பேன். கேமராவால் பிழைக்கிறவருக்குச் சுற்றம் வேண்டும். கேமராவை ஆசைக்கு வைத்திருப்பவருக்கு அது வேண்டாம், அவருக்கு வேண்டியது வேறு. எங்கள் பக்கம் வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்து விடியற்காலையில் கரையில் நாற்பது வயசுக்கு மேற்பட்டவர்கள் கேமராவோடு நிற்பார்கள். டாக்டர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், மில் முதலாளிகள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பெரிய லென்ஸைத் தூக்கித் தோள்பட்டை வலியோடு வந்தார். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்கிற சின்ன சென்சார் கேமராவில் 300 எம்எம் லென்ஸ் மாட்டினால் 600 எம்எம் அளவுக்குக் கிட்டத்தில் தெரியும், எடையோ ரொம்பக் குறைவு. கடையில் வைத்து இதைச் சொன்னால் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே வெள்ளோட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்குவதை எடுத்தார். பேசவே இல்லை. மறுநாள் வந்து வாங்கினார், அந்த மாசத்துக்குள் அவர் சிநேகிதர்கள் மூன்று பேரும் வாங்கினார்கள். அந்த நாலு பேரும் இப்போது தங்களுக்குள் லென்ஸ் மாற்றிக்கொள்கிறார்கள். சின்னதாக ஒரு சுற்றம் உண்டாகிவிட்டது. ஒருவருக்கு விற்பதைவிட ஒரே கூட்டத்தில் நாலு பேருக்கு விற்பது சுலபம் என்பதை அங்கேதான் கற்றேன்.

திருப்பூரில் இன்னொரு வழி திறந்தது. பனியன் கம்பெனிகளுக்கு இணைய விற்பனைக்காகத் துணிகளைப் படம் எடுக்க வேண்டும். ஒரே அறை, ஒரே வெளிச்சம், ஒரே லென்ஸ். ஆல்பம் டிசைனர் இல்லை, முகூர்த்தம் இல்லை, இரவல் இல்லை. அங்கே துணியின் நிறம் சரியாக வருகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. அதில் சின்னப் பிராண்டு தயங்காமல் நின்றது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நிட்டிங் ஓடுகிற இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். பஞ்சு பறந்து சென்சாரில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பேருக்குச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

விற்கும்போது இரண்டு வாக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு வருசத்துக்குள் வேண்டாம் என்றால் இன்ன விலைக்கு நானே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து. பழுதாகிப் போனால் திரும்பி வரும்வரை கடையிலிருந்து மாற்றுக் கேமரா. இதற்காகவே பழைய பாடி இரண்டும் லென்ஸ் மூன்றும் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இதுவரை இரண்டு பேர்தான். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் அநேகம். கம்பெனி செய்ய வேண்டியதை நான் ஏன் செய்கிறேன் என்று என் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

போன ஆவணியில் தாராபுரத்திலிருந்து மச்சினன் வந்தான். அவனுக்கும் ஒரு சின்னப் பிராண்டிலிருந்து ஆள் வந்திருக்கிறார், “உங்க ஏரியாவுக்கு நீங்க மட்டும்தான்” என்றாராம். அதே பாட்டு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று விசயத்தை எழுத்தில் வாங்கச் சொன்னேன்: 90 நாளில் விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா, வாரண்டி கேமரா எத்தனை நாளில் திரும்பும், தாமதமானால் மாற்று யார் கொடுப்பது, விலை குறைத்தால் கடையில் கிடக்கும் சரக்குக்கு வித்தியாசம் தருவார்களா. எண்ணிப் பார்த்தால் நாலு. அவர் நாலில் இரண்டுக்கு ஒத்துக்கொண்டாராம். ஆறு பாடி கேட்டதை இரண்டாகக் குறைத்து எடுத்திருக்கிறான். லென்ஸ் இரவல் வேண்டுமென்றால் என் கடையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி ஷோகேஸ் ஒன்று மாடியில் சும்மா கிடக்கிறது, வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றான்.